அணுகுண்டுக்கும் இரட்டைக் குவளையா?

“தோழர், அணுகுண்டு விஷயத்தில் இந்தியாவும் ஒரு தலித்துதானே?”

எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்கள் இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு போட்ட பிறகு கேள்வி இன்னும் சூடாக வருகிறது. குண்டு வைத்திருக்கும் ஒரு நாடும், வைத்திருப்பதை ஒப்புக்கொள்ளவே மறுக்கும் இன்னொரு நாடும் சேர்ந்துகொண்டு, குண்டு இல்லாத நாட்டை “நீ செய்துவிடுவாய்” என்று அடித்தன. அடித்த இஸ்ரேல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத நாடு. அடி வாங்கிய ஈரான் 1970 முதல் அதில் உறுப்பினர். ஈரான் யுரேனியத்தை 60 விழுக்காடு வரை செறிவூட்டியது உண்மை. 2015-இல் எல்லோரும் சேர்ந்து போட்ட உடன்பாட்டிலிருந்து 2018-இல் முதலில் வெளியேறியது அமெரிக்கா என்பதும் உண்மை. இதையெல்லாம் பார்க்கும் ஒரு பிள்ளைக்குச் சேரி நினைவுக்கு வந்தால் அதில் வியப்பில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட முடியாது. அதில் பாதி சரி. மீதிப் பாதி நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் சரியான பாதி. 1968-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1970-இல் நடைமுறைக்கு வந்தது அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம். யார் அணு ஆயுத நாடு என்று அது சொல்லும் இலக்கணம் மிக எளிது: 1967 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பு அணுகுண்டு வெடித்துக் காட்டிய நாடு. அமெரிக்கா 1945, சோவியத் ஒன்றியம் 1949, பிரிட்டன் 1952, பிரான்ஸ் 1960, சீனா 1964. இந்த ஐந்து நாடுகளோடு கதவு மூடிக்கொண்டது. மற்றவர்கள் எக்காலத்திலும் குண்டு செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுத்து, தங்கள் அணு நிலையங்களைச் சோதனைக்குத் திறந்துவிட வேண்டும். ஒழுக்கம், பொறுப்பு, மக்களாட்சி எதுவும் இங்கே அளவுகோல் இல்லை. ஒரு தேதிக்கு முன் பிறந்தாயா, பின் பிறந்தாயா என்பதே தகுதி. பிறப்பால் தகுதி வைக்கும் சட்டத்தைக் கண்டுபிடிக்க நமக்குப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை.

இதற்கு ஈடாக ஐந்து நாடுகளும் ஒரு வாக்குறுதி கொடுத்தன. ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவின்படி அவர்கள் நல்லெண்ணத்தோடு பேசி ஆயுதங்களைக் களைய வேண்டும். பேசினால் மட்டும் போதாது, பேச்சை முடிவுக்கும் கொண்டுவர வேண்டும் என்று பன்னாட்டு நீதிமன்றம் 1996-இல் கருத்துரைத்தது. ஒப்பந்தம் வந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உலகில் இன்னும் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட 90 விழுக்காடு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் இருக்கிறது. “கொஞ்சம் பொறுங்கள், காலப்போக்கில் எல்லாம் சரியாகும்” என்ற சொல்லை நாமும் பல தலைமுறையாகக் கேட்டுவருகிறோம்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு பிரான்ஸைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களையும் கேட்டு வளர்ந்த நகரம் இது. இதே நகரத்தில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். 1881-இல் ஓர் அரசாணை வந்தது. சாதி வழக்கங்களையும் தங்கள் தனிச் சட்டத்தையும் துறந்துவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகலாம் என்றது. ரெனோன்சான் என்று சொல்லப்பட்ட அவர்களில் தலித்துகளும் கிறித்தவர்களும் அதிகம். சாதிப் பெயரைவிடப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் மேல் என்று நம்பிப் போனார்கள். வாக்குச்சீட்டு விஷயத்தில் என்ன நடந்தது? 1884-இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒன்று, ரெனோன்சான் ஒன்று, மற்ற இந்தியர் ஒன்று. கைப்பிடி அளவு ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், தனி இடங்கள். சமத்துவம் எழுத்தில் இருந்தது, இரட்டை அளவுகோல் பட்டியலில் இருந்தது.

அதே பிரான்ஸ் 1960 பிப்ரவரி 13-ஆம் தேதி தன் முதல் அணுகுண்டை வெடித்தது. பாரிசுக்குப் பக்கத்திலா? இல்லை. அல்ஜீரியாவில், சகாரா பாலைவனத்தில், ரெகான் என்ற இடத்தில். அப்போது அல்ஜீரிய மக்கள் விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் புதுச்சேரியும் சட்டப்படி பிரெஞ்சு மண்தான். 1954 நவம்பரில் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், 1962 ஆகஸ்ட் 16-இல்தான் கைமாற்றம் சட்டப்படி முடிந்தது. எங்கள் நகரத்துச் சொல்தா குடும்பங்களில் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றியவர்கள் உண்டு. குண்டு வெடித்த மண்ணுக்கும் நம் மண்ணுக்கும் ஒரே எசமானர் இருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

அல்ஜீரியாவில் பிரான்ஸ் நடத்திய சோதனைகள் 17. நாடு விடுதலையான பிறகும் 1966 வரை நீடித்தன. பிறகு பசிபிக் கடலில் உள்ள பொலினீசியத் தீவுகளுக்குப் போனார்கள். முருரோவா, ஃபங்கடாஃபா என்ற இரு பவளத் தீவுகளில் 1966 முதல் 1996 வரை 193 சோதனைகள். அவற்றில் கடைசித் தொடர் எப்போது நடந்தது தெரியுமா? 1995 மே மாதம் நியூயார்க்கில் கூடி, பரவல் தடை ஒப்பந்தத்தைக் கால வரம்பின்றி நீட்டிப்பதாக உலக நாடுகளிடம் ஒப்புதல் வாங்கிய சில மாதங்களிலேயே. “நீங்கள் எக்காலத்திலும் செய்யமாட்டீர்கள் அல்லவா? நல்லது” என்று கேட்டு வாங்கிக்கொண்டு, அந்தக் கை காய்வதற்குள் தன் குண்டை வெடித்தது பிரான்ஸ். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 2010-இல்தான் வந்தது.

பிரான்ஸ் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்கா மார்ஷல் தீவுகளில் 67 சோதனைகள் நடத்தியது. பிரிட்டன் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நிலமான மரலிங்காவில் வெடித்தது. சோவியத் ஒன்றியம் கசாக் மக்களின் செமிபலாட்டின்ஸ்க் வட்டாரத்தில் 450-க்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தியது. சீனா உய்குர் மக்கள் வாழும் மாகாணத்தின் லோப் நோரில். ஊரின் குப்பை சேரிப் பக்கம் கொட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரைபடம் புதிதல்ல.

குண்டு விழுந்த ஊரிலும் இதே கதைதான். ஹிரோஷிமாவில் இறந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் கொரியர்கள். ஜப்பானின் காலனி மக்களாகக் கூலிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்கான நினைவுச் சின்னம் 1970-இல் எழுப்பப்பட்டது, அமைதிப் பூங்காவுக்கு வெளியே. 1999-இல்தான் அது பூங்காவுக்கு உள்ளே கொண்டுவரப்பட்டது. ஒரே குண்டில் செத்தவர்களுக்குத் தனிச் சுடுகாடு.

ஆக, உலக அணு ஒழுங்கு பாரபட்சமானது என்ற குற்றச்சாட்டு உண்மை. அதை நாம் தயங்காமல் சொல்ல வேண்டும். இனி மீதிப் பாதிக்கு வருவோம்.

இந்தியா 1968-இல் அந்த ஒப்பந்தத்தை மறுத்தது. பாரபட்சமானது என்பதே காரணம். 1974 மே 18-இல் பொக்ரானில் முதல் வெடிப்பு. கனடா கொடுத்த அணு உலையிலிருந்து எடுத்த புளூட்டோனியம், அமைதிக்கான வெடிப்பு என்ற விளக்கம். 1998 மே மாதம் மறுபடி பொக்ரான், இந்த முறை ஆயுதம் என்றே அறிவிப்பு. அந்த ஆண்டு ஜஸ்வந்த் சிங் ஓர் அமெரிக்க வெளியுறவு இதழில் புகழ்பெற்ற ஒரு கட்டுரை எழுதினார். அணு உலகில் நடப்பது இனஒதுக்கல், அதாவது அபார்தெய்ட் என்பது அதன் வாதம். இன்றும் மாணவர்கள் எங்களிடம் பேசும்போது அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள், அது யார் கொடுத்த சொல் என்று தெரியாமலே.

சொல்லைக் கடன் வாங்கியவர் அதற்கு வட்டி கட்டினாரா என்று பார்ப்போம். மூன்று ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் இறுதியில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தலித் செயல்பாட்டாளர்கள் அங்கே போனார்கள். பிறப்பின் அடிப்படையிலான பாகுபாடு என்ற வகையில் சாதியையும் மாநாட்டு அறிக்கையில் சேருங்கள் என்று கேட்டார்கள். எதிர்த்தது இந்திய அரசு. சாதி வேறு, இனம் வேறு. இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது. இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல் இடம்பெறவில்லை. அப்போது வெளியுறவு அமைச்சர் யார்? அதே ஜஸ்வந்த் சிங். தன் குண்டுக்கு இடம் கிடைக்காததை இனஒதுக்கல் என்று உலகத்துக்குச் சொன்ன அரசு, நம் தெருவில் நடப்பதை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது என்று உலகத்திடம் வாதாடியது.

இன்னும் பின்னால் போனால் இது எவ்வளவு பெரிய இரட்டை வேடம் என்பது புரியும். 1946-இல், விடுதலைக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது இந்தியா. தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ் சொன்ன பதில் என்ன? இது எங்கள் உள்நாட்டு விவகாரம். இந்தியா அதை ஏற்கவில்லை, பொதுச்சபையும் ஏற்கவில்லை. அதே 1946-இல்தான் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனுக் கொடுக்கப்போவதை அறிந்து, நம் மக்களும் அப்படிச் செய்யலாமே என்று யோசித்தார். ஸ்மட்ஸ் பேசிய வசனத்தை 55 ஆண்டுகள் கழித்து, அதே தென்னாப்பிரிக்க மண்ணில், நமக்கு எதிராக இந்திய அரசு பேசியது.

அணு விஷயத்திலாவது இந்தியா தன் சொல்லில் நின்றதா? 2005 ஜூலையில் அமெரிக்காவோடு அணு ஒத்துழைப்பு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 24-இல் பன்னாட்டு அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2006 பிப்ரவரியில் மறுபடியும். 2008 செப்டம்பர் 6-இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தது. அந்தக் குழுவே 1974 பொக்ரான் வெடிப்புக்கு எதிர்வினையாகத் தொடங்கப்பட்டதுதான். விதிவிலக்கு கிடைத்த பிறகு இனஒதுக்கல் என்ற சொல் டெல்லியின் வாயிலிருந்து மறைந்துவிட்டது. “பொறுப்புள்ள அணு நாடு” என்ற புதுச் சொல் வந்தது. பாகிஸ்தானுக்கு அதே விதிவிலக்கு கேட்டால் கூடாது. 2016-இல் அந்தக் குழுவில் உறுப்பினராகவே சேர இந்தியா விண்ணப்பித்தது. வெளியில் நின்று கதவைத் தட்டியவர், உள்ளே ஒரு கால் வைத்ததும் கதவுக்குத் தாழ் போட நினைக்கிறார்.

சாதியைப் பற்றி அண்ணல் நமக்குச் சொல்லிக்கொடுத்த மிக முக்கியமான பாடம் இதுதான். அது வெறும் மேல், கீழ் என்ற இரண்டு அடுக்கு இல்லை. படிப்படியாக அமைந்த சமத்துவமின்மை. ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் மேலே இருப்பவன் மீது கோபம், கீழே இருப்பவன் மீது அதிகாரம். அதனால் ஏணியை உடைக்க யாரும் முன்வருவதில்லை. ஒரு படி ஏறுவதற்கே எல்லோரும் பார்க்கிறார்கள். அணு உலகின் ஏணியில் ஐந்து நாடுகள் உச்சியில். இந்தியா ஒரு படி கீழே நின்று மேலே போக மனுப் போடுகிறது. அந்த மனுவின் வாசகத்தில் நம் வலியைச் சொல்லாக எடுத்து வைத்திருக்கிறது. “இந்தியாவும் ஒரு தலித்து” என்ற வாக்கியத்தில் எங்களுக்கு உடன்பாடில்லாதது இதனால்தான்.

புதுச்சேரிக்கு மேற்கே ஒரு கிராமத்துத் தேநீர்க் கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், எங்களுக்குக் கேட்காமலே பேப்பர் கப். “சுத்தத்துக்குத் தாங்க” என்றார் கடைக்காரர். அந்தச் சுத்தம் ஏன் பெஞ்சில் இருப்பவர்களுக்கு வேண்டாம் என்று கேட்டோம். பதில் இல்லை. அப்போது எங்களோடு இருந்தவர்களில் யாரும் “எனக்கு மட்டும் கண்ணாடி டம்ளர் கொடு, நான் படித்தவன்” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டு வாங்குவதற்கும் ஆட்கள் உண்டு என்பது நமக்குத் தெரியும். தமிழகத்தில் இயக்கங்கள் நடத்திய இரட்டைக் குவளை உடைப்புப் போராட்டத்தின் கோரிக்கை அது இல்லை. கடையில் இரண்டு வகைக் குவளை இருக்கவே கூடாது என்பதுதான் கோரிக்கை.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. 1927-இல் மகாட் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்தார். தண்ணீர் எல்லா உயிருக்கும் வேண்டியது, அதனால் அதில் சம உரிமை நியாயம். அணுகுண்டு அப்படிப்பட்ட பொருளா? சிலர் மட்டும் நஞ்சு வைத்திருக்கிறார்கள் என்றால் நமக்கும் நஞ்சில் பங்கு கொடு என்று கேட்பது சமத்துவம் ஆகாது. சாதி ஆணவக் கொலை செய்பவன் கையில் அரிவாள் இருக்கிறது என்பதற்காக, அரிவாளுக்கு இடஒதுக்கீடு கேட்டு நாம் ஊர்வலம் போவதில்லை. அரிவாளைப் பறிமுதல் செய், அவனைக் கைது செய் என்றுதான் கேட்கிறோம்.

“இதெல்லாம் பேச நன்றாக இருக்கிறது தோழர். உக்ரைன் 1994-இல் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களை ஒப்படைத்தது, என்ன ஆனது? லிபியா 2003-இல் விட்டுக்கொடுத்தது, கடாஃபி என்ன ஆனார்? இல்லாத ஆயுதத்தைச் சொல்லி இராக்கை அழித்தார்கள். வடகொரியாவை யாரும் தொடவில்லையே?” இப்படிக் கேட்பவர்கள் முட்டாள்கள் இல்லை. வலியவன் எழுதிய சட்டத்தை நம்பி நிராயுதபாணியாக நிற்பது எப்படிப்பட்டது என்று தெரிந்த சமூகம் நம்முடையது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருந்தும் வழக்குப் பதிய வைக்கவே காவல் நிலையத்தில் மறியல் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் கேள்வியின் கோபம் எங்களுக்குப் புரிகிறது.

ஆனால் குண்டு வந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1998 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் வெடித்துக் காட்டின. 1999-இல் கார்கில் போர் நடந்தது. குண்டு போரை நிறுத்தவில்லை. செத்துப்போன சிப்பாய்களின் வீடு டெல்லியில் இல்லை, சிறு ஊர்களில் இருந்தது. வடகொரிய அரசைக் குண்டு காப்பாற்றலாம். வடகொரிய மக்களை யார் காப்பாற்றுவது? நாடு பலமாகிறது என்று சொல்லும்போது அந்த நாட்டுக்குள் யார் பலமாகிறார்கள் என்று கேட்பதுதான் நம் அரசியல். 1951-இல் அமைச்சரவையிலிருந்து விலகியபோது அண்ணல் கொடுத்த அறிக்கையில் இந்து சட்ட மசோதா மட்டும் இல்லை. ஆண்டுக்கு 350 கோடி ரூபாய் வருவாயில் சுமார் 180 கோடியை இராணுவத்துக்குச் செலவிடுகிறோம் என்று அவர் கணக்கு வைத்தார். அரசின் வெளியுறவுக் கொள்கையே இதற்குக் காரணம் என்றார். தாழ்த்தப்பட்ட மக்கள் கைவிடப்பட்டிருப்பதையும் அதே அறிக்கையில் சொன்னார். அந்தக் கணக்கை நாம் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், புதைசாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்த நச்சு வாயு மூன்று பேரைக் கொன்றது. அவர்களில் ஒருவர் பள்ளி மாணவி. அணுவைப் பிளக்கத் தெரிந்த நாட்டுக்குச் சாக்கடையைப் பராமரிக்கத் தெரியவில்லை என்றால், தெரியாதது அறிவியல் இல்லை. யாருடைய உயிருக்கு எவ்வளவு விலை என்பதில்தான் கோளாறு.

வெளியே நியாயம் கேட்கும் இந்தியா, உள்ளே தன் அணுத் திட்டத்தை எங்கே வைத்திருக்கிறது? யுரேனியம் தோண்டுவது ஜார்கண்டின் ஜாதுகோடாவில், சந்தால், ஹோ ஆதிவாசி மக்களின் நிலத்தில். கூடங்குளத்தில் 2011 முதல் போராடிய மீனவ மக்கள் மீது ஆயிரக்கணக்கில் தேசத்துரோக வழக்கு. 2012 செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். அந்த நாட்களில் அணுசக்தித் துறைக்காகப் பேசிய பிரதமர் அலுவலக இணை அமைச்சர் நம் புதுச்சேரி எம்.பி. நாராயணசாமிதான். “இன்னும் 15 நாளில் மின்சாரம்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது தமிழகம் முழுக்கக் கேலிப் பேச்சானது. இடிந்தகரைப் பெண்கள் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கேலியைத் தாண்டிப் பதில் வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில், அணுக் கழிவைக் கோலார் தங்கவயலின் மூடிய சுரங்கங்களில் வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. தங்கவயல் யாருடைய ஊர்? வட ஆர்க்காட்டிலிருந்து போய் நிலத்துக்கடியில் உழைத்த தமிழ்த் தலித்துகளின் ஊர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் கிளை விட்ட ஊர். மக்கள் தெருவுக்கு வந்த பிறகு அப்படித் திட்டம் இல்லை என்று அரசு மறுத்தது.

பௌத்தம் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். 1974 வெடிப்புக்கு “சிரிக்கும் புத்தர்” என்று பெயர். 1998 மே 11-ஆம் தேதி வெடிப்பு நடந்த நாள் புத்த பூர்ணிமா. 1956-இல் அண்ணலோடு இலட்சக்கணக்கான நம் மக்கள் யாரைச் சரணடைந்தார்களோ, அந்தப் புத்தரின் பெயரைக் கொலைக் கருவிக்கு வைத்தார்கள். எந்தத் தலித் இயக்கத்தையும் கேட்டு வைக்கவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் கல்பாக்கம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பேருந்து ஏறினால் வழியில் வரும் ஊர். அமெரிக்காவோடு செய்த உடன்பாட்டுக்காக 2006-இல் இந்தியா தன் உலைகளை இரண்டாகப் பிரித்தது: 22-இல் 14 உலைகள் பன்னாட்டுச் சோதனைக்கு உட்பட்டவை, மீதி எட்டு உட்படாதவை. கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளும், அங்கே கட்டப்பட்ட அதிவேக ஈனுலையும் சோதனைக்கு வெளியே வைக்கப்பட்டன. ஈரானின் கதவைத் திறக்கச் சொல்லி வாக்களித்த நாடு, நம் வீட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது. 1962 அணுசக்திச் சட்டம் தகவலை மறைக்க அரசுக்குக் கொடுத்த அதிகாரத்தில்தான் இந்தத் துறை வளர்ந்தது.

அப்படியானால் நியாயமான வழி எது? இனஒதுக்கல் என்ற சொல்லுக்கு உண்மையிலேயே உரிமை உள்ள நாட்டைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் அரசு இரகசியமாக ஆறு அணுகுண்டுகள் செய்து வைத்திருந்தது. ஆட்சி கைமாறும் காலம் நெருங்கியபோது அவற்றைப் பிரித்து அழித்து, 1991-இல் ஒப்பந்தத்தில் சேர்ந்து, 1993-இல்தான் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கறுப்பின மக்களின் கைக்குக் குண்டு போய்விடக் கூடாது என்பதும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. 1994-இல் ஆட்சிக்கு வந்த மண்டேலா அரசு “வெள்ளையனிடம் இருந்தது எங்களுக்கும் வேண்டும்” என்று மறுபடி செய்யத் தொடங்கவில்லை. ஆப்பிரிக்கக் கண்டத்தையே அணு ஆயுதம் இல்லாத பகுதியாக அறிவிக்கும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2017 ஜூலை 7-இல் ஐ.நா.வில் 122 நாடுகள் சேர்ந்து அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை நிறைவேற்றியபோது முன்வரிசையில் நின்றது.

இந்தப் புது ஒப்பந்தத்தில் தேதி இல்லை, விதிவிலக்கு இல்லை, ஐந்து பேருக்கு ஒன்று மற்றவருக்கு ஒன்று இல்லை. யாரும் வைத்திருக்கக் கூடாது. அணுச் சோதனைகளால் பழங்குடி மக்கள் அதிகம் பாதிக்கப்பட்டதை அதன் முன்னுரையே சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதைக் கடமையாக்குகிறது. 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரை நூற்றாண்டாகப் பாரபட்சமற்ற ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்ட இந்தியாவுக்கு, கேட்டது கையில் வந்து நின்றது. இந்தியா பேச்சுவார்த்தைக்கே போகவில்லை. அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ், இஸ்ரேல், பாகிஸ்தான் எல்லோரும் போகவில்லை, இந்தியாவும் போகவில்லை. ஊர்த் தெருவா, சேரித் தெருவா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நாளில் இந்தியா எங்கே போய் உட்கார்ந்தது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

மாணவத் தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. ஒன்று, இந்தியாவை யாராவது அணுத் தீண்டாமைக்கு ஆளான நாடு என்று மேடையில் பேசினால், டர்பனில் என்ன நடந்தது என்று எழுந்து கேளுங்கள். இரண்டு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள்: அணு நிலையங்களில் ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், அவர்கள் உடலில் ஏறும் கதிர்வீச்சை யார் அளக்கிறார்கள், வேலையை விட்டு நின்ற பிறகு யார் மருத்துவம் பார்க்கிறார்கள். தர மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள், மறுப்புக் கடிதமும் ஓர் ஆவணம்தான். மூன்று, ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சியிடமும், நம் கட்சிகளிடமும்தான், 2017 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட வேண்டும் என்று உங்கள் அறிக்கையில் எழுதுவீர்களா என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள். மாலை ஐந்து மணிக்குக் கடற்கரைச் சாலை காந்தி சிலை அருகே நிற்போம். ஜாதுகோடா, முருரோவா, ரெகான், இடிந்தகரை என்று ஊர்ப் பெயர் எழுதிய அட்டைகளை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஜெய் பீம்!